ஐந்தாம் மெஷினின் சகலை

நன்றாக இருப்பவர்களைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை. எழுதினால் அது அரசாங்கமாகத்தான் இருக்கும். 2047ஆம் ஆண்டு ஆடி மாதக் காற்றில் டாக்டர் எபனேசர் கோவில்பட்டியில் வந்து இறங்கியது அப்படி ஒரு புகாரின் பேரில்தான். அங்கே ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நான்கு பேருக்கு, நியாயமாகப் பார்த்தால் இதற்குள் கல்லீரல் கெட்டுப்போயிருக்க வேண்டும். கெடவில்லை. ஏன் கெடவில்லை என்று விளக்கம் கேட்டு மாநில ரத்தக் கண்காணிப்பு மையம் மூன்று கடிதம் போட்டது. பதில் வராததால் ஆளையே அனுப்பிவிட்டது.

எபனேசருக்கு முப்பத்தாறு வயது. வைரஸ்களைப் பற்றிப் படித்தவர், படித்ததை அப்படியே நம்புகிறவர். கையில் ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்திருந்தார். ஒரு சொட்டு ரத்தம் விட்டால், அதில் குடியிருக்கும் அத்தனை வைரஸ்களின் பெயரையும் அவை எத்தனை வருடமாக அங்கே குடியிருக்கின்றன என்பதையும் அது சொல்லிவிடும்.

அந்த மருத்துவமனையின் டயாலிசிஸ் ஹாலில் நான்கு மெஷின்கள் வரிசையாக நின்றன. ஐந்தாவது மட்டும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தனி அறையில். கதவில் சிவப்பு ஸ்டிக்கர். சிறுநீரகம் போனதோடு நாள்பட்ட ஹெபடைடிஸ் பியும் இருக்கிறவர்களுக்கு என்று ஒதுக்கிய மெஷின் அது. பழைய மாத்திரைகளை எல்லாம் அந்த வைரஸ் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த காலம். அதனால் ஹாலில் படுத்திருப்பவர்கள் அந்தக் கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நர்சுகளும் அங்கே டியூட்டி போட்டால் லீவு கேட்பார்கள். சிஸ்டர் சங்கரேஸ்வரி மட்டும் பதினோரு வருடமாக அந்த அறையைத் தன் வீட்டு அடுக்களை மாதிரி வைத்திருந்தார். ஐம்பது வயது, கொஞ்சம் பருமன், நடந்தால் செருப்புச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும்.

"எங்க சிஸ்டருக்குக் கையில கண்ணு இருக்கு டாக்டர்" என்றார் கோமதிநாயகம். மினி பஸ் ஓட்டியவர், நான்கு பேரில் மூத்தவர். "இந்த நரம்புல ஊசி ஏத்த மெட்ராஸ்ல மூணு பேரு முட்டி மோதுனாங்க. இவங்க ஒரே குத்துல ஏத்திருவாங்க."

"சும்மா படுங்க அண்ணாச்சி. பெரிய சர்டிபிகேட்" என்று சங்கரேஸ்வரி அவர் கையை நீவிவிட்டார்.

பெட்டி இரண்டு மணி நேரத்தில் பதில் சொன்னது. நான்கு பேர் ரத்தத்திலும் ஹெபடைடிஸ் பியோடு இன்னொரு வைரஸும் இருந்தது. இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒன்று. எபனேசருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அந்த வயதில் யாருக்குத்தான் இருக்காது? ஆனால் மையத்தின் விதி தெளிவாக இருந்தது. இரண்டாவது வைரஸ் எதுவாக இருந்தாலும் உடனே நீக்க வேண்டும். நீக்குவதற்கு ஒரு மாத்திரை இருந்தது. ரத்தத்தில் கண்டதையெல்லாம் துவைத்து எடுத்துவிடுவதால் ஜனங்கள் அதற்குச் சலவை மாத்திரை என்று பேர் வைத்திருந்தார்கள். அது தொட முடியாதது ஹெபடைடிஸ் பி ஒன்றைத்தான். அது கல்லீரல் செல்லின் உள்ளறைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும் ஆசாமி.

எபனேசர் மாத்திரை எழுதுவதைச் சங்கரேஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்லாத்தான சார் இருக்காங்க. எதுக்குப் போட்டுத் தொந்தரவு பண்ணணும்?"

"சிஸ்டர், பி இருக்கிற உடம்புல இன்னொரு வைரஸ் சேர்ந்தா கல்லீரல் ரெண்டு மடங்கு வேகமாக் கெடும். ஹெபடைடிஸ் டின்னு சொல்ற டெல்டா வைரஸ் அப்படித்தான் பண்ணுது. இது மட்டும் பண்ணாதுன்னு நம்ப என்ன ஆதாரம் இருக்கு?"

"ஆதாரம் அந்தா படுத்திருக்குல்லா" என்று கண்ணாடிக்குள் கையைக் காட்டினார்.

எபனேசர் சிரித்தார். பிற்பாடு நெடுநாள் வரை அவர் தன்னை மன்னிக்காமல் இருந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான். மாத்திரையைக் கொடுத்தார், எடுத்த ரத்த மாதிரிகளை விதிப்படி எரிக்கச் சொன்னார், ரயிலேறினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவருக்குப் போன் வந்தது.

"சார், சங்கரேஸ்வரி பேசுறேன். சுபாஷினிக்குக் கண்ணு மஞ்சளாயிருச்சு. வாந்தி நிக்கல. மத்த மூணு பேருக்கும் கண்ணோரத்துல லேசா மஞ்சத் தட்டுது. பொறப்பட்டு வாங்க."

சுபாஷினிக்கு இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஐந்தாம் மெஷினில் படுத்தபடியே பரீட்சைத் தாள் திருத்துகிறவள். எபனேசர் வந்து பார்த்தபோது அவளுக்குத் தாளைத் தூக்கவே தெம்பில்லை. பெட்டியில் ரத்தத்தை விட்டார். இரண்டாவது வைரஸ் சுத்தமாகப் போயிருந்தது. முதலாவது, மூன்று வாரத்தில் பல்லாயிரம் மடங்கு பெருகியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க டாக்டர்" என்றார் கோமதிநாயகம். "எங்க உசுரு, எங்களுக்கும் தெரியணும்லா."

"உங்க உடம்புல இருந்த ரெண்டாவது வைரஸ் யாருக்கும் கெடுதல் பண்ணல. அது கல்லீரல்ல இருக்கிற காவலத் தூங்கவிடாம எழுப்பிக்கிட்டே இருந்திருக்கு. காவல் முழிச்சிருந்த வரைக்கும் பி வைரஸால வெளிய தலைகாட்ட முடியல. நான் கொடுத்த மாத்திரை அந்த ரெண்டாவது வைரஸக் கொன்னுடுச்சு. காவல் தூங்கிடுச்சு."

கோமதிநாயகம் இரண்டு விரலை நீட்டினார். "அதாவது, வீட்டோட ரெண்டு மாப்பிள்ளை. மூத்தவன் குடிச்சிட்டு வந்து சட்டிபானைய உடைக்கிறவன். சின்னவன் வந்து சேர்ந்தப்புறம், சகலை பாக்கானேன்னு அடங்கி ஒடுங்கிக் கெடந்திருக்கான். நீங்க வந்து சகலைய வெரட்டி விட்டுட்டீங்க."

"ஆமா" என்றார் எபனேசர். "நான்தான் விரட்டினேன்."

அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது எபனேசருக்கு. கோமதிநாயகம் கோபப்படவில்லை. "சரி, போனவன எங்க போயித் தேடுறது?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் கேள்வி. மாதிரிகள் எரிந்துபோயின. ஆனால் பெட்டி படித்து வைத்த விவரங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. எபனேசர் அன்று முழுக்க அதைக் குடைந்தார். நான்கு பேரில் சகலை முதலில் வந்தது கோமதிநாயகத்திடம், மூன்று வருடத்துக்கு முன்னால். மற்ற மூவருக்கும் அவரிடமிருந்து ஒருவர் பின் ஒருவராகச் சில மாத இடைவெளியில் போயிருக்கிறது. ஆனால் அவருக்கு யாரிடமிருந்து? சொட்டுச் சொட்டாக வந்த மாதிரி தெரியவில்லை. ஒரே நாளில், ஒரு பை ரத்தம் அளவுக்கு வந்த மாதிரி இருந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த மாதத்தில் அவருக்கு ஒரு பை ரத்தம் ஏற்றியதாக இருந்தது, பையின் எண்ணோடு. ரத்த வங்கியில் விசாரித்தார். அப்படி ஒரு எண்ணில் பையே கிடையாது என்றார்கள்.

ஆக, எங்கேயோ ஐந்தாவது ஆள் ஒருவர் சகலையைச் சுமந்துகொண்டு நடமாடுகிறார். அவர் கிடைத்தால் சுபாஷினி பிழைப்பாள். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வாரம்தான் தாங்குவாள்.

டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்தம் செய்யும் அறை ஹாலுக்குப் பின்னால் இருந்தது. மோட்டார் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். மறுநாள் காலை சங்கரேஸ்வரி அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனார். வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு நின்றார்.

"நீங்க தேடுற ஆளு நான்தான் சார். எடுத்துக்கோங்க."

மோட்டார் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டதா என்று எபனேசர் ஓர் அடி கிட்டே வந்தார்.

"மூணு வருசத்துக்கு முன்னால புயல் வந்துச்சுல்லா? ரோடெல்லாம் தண்ணி. டாக்டர் தண்ணிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரு. அண்ணாச்சிக்கு ஊசி நழுவி ரத்தம் குடம் கணக்குல போயிருச்சு. ஏத்த ரத்தம் கிடையாது. எனக்கும் அவருக்கும் ஒரே குரூப். பக்கத்துக் கட்டில்ல படுத்தேன், எனக்கு நானே ஊசி ஏத்தி எடுத்தேன். டெஸ்ட் அட்டையில ஒரு சொட்டு விட்டு நோய் எதுவும் இருக்கான்னு பாத்தேன், எல்லாம் நெகட்டிவ். இப்படி ஒண்ணு என் உடம்புல இருக்கும்னு யாருக்குத் தெரியும்? பர்மிஷன் இல்லாம குடுத்ததுக்கு வேலை போயிரும்னு, பிளட் பேங்க் பைன்னு ஒரு நம்பர் எழுதி வச்சேன்."

"சிஸ்டர், நீங்க ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க. இதை ஏன் மறைச்சீங்க? முதல் நாளே சொல்லியிருந்தா..."

"அது ஒண்ணுதான்னா சொல்லியிருப்பேன் சார்." அவர் குரல் இறங்கியது. "மத்த மூணு பேருக்கு எப்படிப் போச்சுன்னு அடுத்து கேப்பீங்கல்லா?"

எபனேசர் தலையாட்டினார்.

"ஹெப்பாரின் குப்பி. ரத்தம் மெஷினுக்குள்ள உறைஞ்சிராம இருக்கப் போடுற மருந்து. ஆளுக்கு ஒரு குப்பி உடைக்கணும், மிச்சத்தக் கொட்டிறணும். வெளிய ஹால்ல நான் ஒருநாளும் தப்புனதில்ல. இந்த ரூம்ல மட்டும்..." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் பாசிட்டிவ்தான, இவங்களுக்கு இன்னமே புதுசா என்ன வந்துறப் போவுதுன்னு நினைச்சிட்டேன். காலையில உடைச்ச குப்பியவே மத்தியானம் வர்றவங்களுக்கும் போடுவேன். டோஸ் கூட்டணும்னா, ஒருத்தருக்குப் போட்ட அதே சிரிஞ்சத் திரும்பக் குப்பிக்குள்ள விடுவேன். அப்படித்தான் போயிருக்கு."

எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் அவர் படித்ததுதான் இது. ஆனால் தன் வாயால், கேட்காமலே, இப்படி ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை. அந்த நிமிடத்தில் அந்த அம்மாவின் மேல் அவருக்கு வந்தது மரியாதையை விடப் பெரிய ஏதோ ஒன்று.

"சிஸ்டர், நான் ஒண்ணு சொல்றேன்" என்றார் மெல்ல. "நீங்க ரத்தம் குடுத்ததை எழுதுவோம். அதுக்கு யாரும் பெரிசா தண்டனை குடுக்க மாட்டாங்க. குப்பி விஷயத்தை விட்டுடுவோம். மத்தவங்களுக்கு எப்படிப் பரவுச்சுன்னு தெரியலைன்னு எழுதினா யாரும் துருவப் போறதில்ல."

"துருவணும் சார்." சங்கரேஸ்வரிக்குக் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "இந்தத் தடவ குப்பியில போனது சகலை. டெல்டா போயிருந்தா? நாலு பேரையும் நானே கொன்னுருப்பேன். என் நல்ல நேரம், அவ்வளவுதான். என்னைய மாதிரி நினைச்சிக்கிட்டு எந்தெந்த ஊர்ல எத்தன பேரு நிக்காங்களோ. வேற எத எழுதுனாலும் எழுதாட்டியும் குப்பிய எழுதுங்க."

பிறகு சுருட்டிய சட்டையைக் காட்டி, "பேசிக்கிட்டே நிக்கீங்களே, அந்தப் பிள்ளைக்கு நேரம் இருக்கா?" என்று அதட்டினார்.

எதைத் தேடுவது என்று தெரிந்திருந்ததால் பெட்டி இந்த முறை பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. சகலை சங்கரேஸ்வரியின் ரத்தத்தில் சௌகரியமாகக் குடியிருந்தது.

அடுத்த சிக்கல் சட்டம். தெரிந்தே ஒருவர் உடம்பில் வைரஸை ஏற்றுவது குற்றம். எபனேசர் மையத்துக்குப் போன் போட்டு அனுமதி கேட்டார். குழு கூடி முடிவெடுக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டு ஐந்தாம் மெஷின் அறைக்குள் போனார். நான்கு பேரையும் வரவழைத்து, எது தெரியும், எது தெரியாது, எது நடந்தால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் சொன்னார். இதற்கு அனுமதி இல்லை என்பதையும் சொன்னார்.

சுபாஷினி கையை நீட்டினாள். "பேனா குடுங்க சார்" என்றாள். அவள் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. அதைப் பார்த்து அவளே வெட்கப்பட்டாள். மற்ற மூவரும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள், சங்கரேஸ்வரியின் ரத்தத்திலிருந்து பிரித்த சகலை அன்றே நான்கு பேர் உடம்பிலும் ஏறியது.

சகலை திரும்பி வந்து அமர நாள் பிடித்தது. முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் சுபாஷினி ஆளைத் தெரியாமல் பிதற்றினாள். எபனேசர் நம்பிக்கை இழந்துவிட்டார். சங்கரேஸ்வரி இழக்கவில்லையா, அல்லது காட்டிக்கொள்ளவில்லையா, தெரியாது. அவள் வாயைத் துடைத்துவிட்டு, முதுகைத் திருப்பிப் படுக்க வைத்து, "பரீட்சைத் தாள் கிடக்கு டீச்சர், எந்திரிங்க" என்று பேசிக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் காலையில் பெட்டி காட்டிய எண் முதன்முறையாக இறங்கியது. பன்னிரண்டாம் நாள் சுபாஷினி இட்லி கேட்டாள். எபனேசர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். அவரை யாரும் தேடவில்லை, எல்லாரும் இட்லி வாங்க ஓடியிருந்தார்கள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது சங்கரேஸ்வரி சொன்னபடி குப்பியை எழுதினார். புயல் நாளை எழுதினார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, தன்னைப் பற்றிய இடத்தில் 'விதிமுறைப்படி மாத்திரை வழங்கப்பட்டது' என்று ஒரே வரியில் நழுவியிருந்தது கண்ணில் உறுத்தியது. அதை அடித்தார். 'செவிலியர் எச்சரித்தார். நான் கேட்கவில்லை. நான்கு உயிர்களை ஆபத்தில் தள்ளினேன். பிறகு அனுமதியின்றி வைரஸை ஏற்றியதும் நானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து மையத்திலிருந்து மூன்று கடிதங்கள் ஒரே நாளில், ஒரே அதிகாரியின் கையெழுத்தோடு வந்தன. முதலாவது எபனேசருக்கு: மாத்திரை கொடுத்தது விதிப்படியே, பின்னர் எடுத்த சமயோசித நடவடிக்கை பாராட்டுக்குரியது. இரண்டாவது சங்கரேஸ்வரிக்கு: அனுமதியின்றி ரத்தம் வழங்கியது, பொய்ப் பதிவு, குப்பி விஷயத்தில் கவனக்குறைவு, ஆகவே செவிலியர் பதிவு நிரந்தரமாக ரத்து. மூன்றாவதும் அவருக்குத்தான்: மாநிலம் முழுவதும் மருந்துக்கு மசியாத ஹெபடைடிஸ் பி நோயாளிகள் அறுநூறு பேருக்கு அந்த வைரஸ் தேவைப்படுவதால், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வந்து ரத்தம் வழங்கி ஒத்துழைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

எபனேசர் மூன்றின் நகலையும் எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு ஓடிவந்தார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

"நீங்க போகாதீங்க சிஸ்டர். வேலையத் திருப்பிக் குடுத்தாத்தான் வருவேன்னு சொல்லுங்க. பி இல்லாம சகலை மட்டும் இருக்கிற ரத்தத்துக்கு அவங்களுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல. ஒரு வாரத்துல வழிக்கு வருவாங்க."

"அந்த ஒரு வாரத்துல அறுநூறு பேருல எத்தன சுபாஷினி போவா?" என்றார் சங்கரேஸ்வரி. "நல்லா யோசனை சொல்லுதீங்க சார்."

முதல் செவ்வாய்க்கிழமை வந்தது. சங்கரேஸ்வரி வெள்ளை உடுப்பு இல்லாமல், பச்சைச் சேலையில், வெளியாளாக மருத்துவமனைக்குள் வந்தார். ஐந்தாம் மெஷின் கதவுக்கு வெளியே நின்று கோமதிநாயகத்துக்குக் கை காட்டினார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. ரத்தம் எடுக்கும் நாற்காலியில் சாய்ந்ததும் எபனேசர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வருத்தமா இல்லையா சிஸ்டர்?"

"இல்லாம? இருபத்தேழு வருசம் சார். காலையில எந்திரிச்சதும் உடுப்பத்தான் தேடுது கை." அவர் மறைக்கவில்லை. "வீட்டுல உக்காந்திருக்க முடியல. அழுதேன்."

"அப்புறம் ஏன் அந்தக் குப்பிய எழுதச் சொன்னீங்க? அது இல்லாட்டி இந்நேரம்..."

சங்கரேஸ்வரியின் மடியில் கிடந்த போன் அடித்தது. தெரியாத எண். இடது கையால் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் முதலில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல்.

"கோவில்பட்டி சங்கரேஸ்வரி அக்காவா? அக்கா, உங்களுக்கு என்னையத் தெரியாது. என் பேரு ரெஜினா. நானும் பாசிட்டிவ் ரூம்லதான் வேலை பாக்கேன். எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்புனாங்கல்லா, அந்த உங்க ரிப்போர்ட்டப் படிச்சேன்க்கா." அழுகை வந்து பேச்சை மறித்தது. "நானும் ஒரே குப்பியத்தான்க்கா போட்டுக்கிட்டிருந்தேன். எங்க ரூம்ல மூணு பேருக்குப் போன மாசத்துலேருந்து உடம்பு ரொம்ப முடியல. ஏன்னு டாக்டருக்கே தெரியல. எனக்குத் தெரியுதுக்கா. சொல்லப் பயமா இருக்கு. சொன்னா என்ன ஆகும்?"

எபனேசர் சங்கரேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். என்ன ஆகும் என்று அந்த முகத்தைவிட நன்றாகத் தெரிந்த முகம் இந்த மாநிலத்தில் இல்லை.

"வேலை போயிரும் தாயி" என்றார் சங்கரேஸ்வரி. "பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் போயிருச்சு."

மறுமுனை விசும்பியது.

"ஆனா நீ இப்ப எனக்குச் சொல்லிட்டேல்லா. பாதி முடிஞ்சிருச்சு. கண்ணத் தொடச்சிக்கோ. எந்த ஊரு?"

ரெஜினா ஊர்ப் பேரைச் சொன்னாள். காரில் போனால் மூன்று மணி நேரம்.

எபனேசர் ஏற்கெனவே எழுந்து பெட்டியைக் கையில் எடுத்திருந்தார். சங்கரேஸ்வரி ரத்தப் பையை ஒரு பார்வை பார்த்தார். நிறைந்துவிட்டது. ஊசியைத் தானே உருவி, பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கியபடி எழுந்தார்.

"ரெஜினா, நல்லாக் கேட்டுக்கோ. திறந்து வச்சிருக்கிற குப்பியத் தூரப் போட்டுறாத, அப்படியே ஐஸ்ல வை. அதுல என்ன இருக்குன்னு பாக்கணும். யாரும் எந்த மாத்திரையும் எழுத வேண்டாம், டாக்டரே வாராருன்னு சொல்லு. அந்த மூணு பேரு பக்கத்துல போயி உக்காரு. நாங்க பொறப்பட்டுட்டோம்."